வத்சலா எழுதித் தராத இரண்டு வரி

தில்லி முனிர்காவில் இரண்டாவது மாடியில் தனியாகக் குடியிருந்த வத்சலா, கல்லூரி ஒன்றில் இருபத்தாறு வருஷமாகத் தத்துவம் கற்பித்து வந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களும் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள்.

போன பிப்ரவரியில் அறவியல் வகுப்பில் ஒரு கேள்வி கொடுத்தாள். கணவன் மனைவி இருவரும் மனமொப்பி, அவர்களில் ஒருவர் வெளியே உறவு வைத்துக்கொண்டால் அது தவறா? இரண்டு பக்கமும் வாதாடி எழுத வேண்டும். யாரோ அதைப் படமெடுத்து இணையத்தில் போட, சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் சுற்றிவிட்டது. மறுநாள் கல்லூரி வாசலில் கோஷம். விசாரணைக் குழு அழைத்தது.

குழுத் தலைவர் கடுமையானவர் அல்ல. அப்படிப்பட்ட உறவு தவறு என்பதே தன் கருத்து என்று அவள் இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் போதும், அத்தோடு முடித்துவிடலாம் என்றார். வத்சலா முடியாதென்று எழுந்து வந்துவிட்டாள்.

உண்மையில் அவள் அதைத் தவறென்றுதான் நினைத்தாள். இருபது வயதிலிருந்து அதில் அவளுக்குச் சந்தேகமே வந்ததில்லை.

பொருளாதாரம் நடத்தும் மாதவுக்கு அது தெரியும். வராந்தாவில் மடக்கினான்.

"மேடம், நீங்க நம்பறதைத்தானே எழுதச் சொல்றா? எழுதிக் குடுத்துட்டு நிம்மதியா இருங்கோளேன்."

"நம்பறேன், மாதவ். ஆனா அவா சொல்லி நான் கையெழுத்துப் போட்டுட்டா, எதிர்ப்பக்கம் பேசற பொண்ணு என் கிளாஸ்ல அப்புறம் வாயைத் திறப்பாளா?"

"இது வெறும் பிடிவாதம்" என்றான். அதன் பிறகு அவன் அவளோடு டீ குடிக்க வரவில்லை.

ஒரு வாரம் கழித்து சிந்து என்ற மாணவி, அது தவறில்லை என்று சொல்லும் மாணவர்கள் நடத்தும் கூட்டத்தில் பேச வேண்டுமென்று துண்டறிக்கையோடு வந்தாள். வத்சலா தங்கள் கட்சி என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். தன் கருத்து இன்னதென்று வத்சலா மறைக்காமல் சொன்னாள்.

"அச்சா, மேம்" என்று துண்டறிக்கையைப் பைக்குள் திருப்பி வைத்துக்கொண்டு போய்விட்டாள் சிந்து.

ஜூலையில் அறவியல் பாடத்தை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். வத்சலாவுக்கு முதலாண்டு தர்க்கம். வேலைக்கு ஆபத்தில்லை. ஆசிரியர் அறையில் மட்டும் அவளுக்கு இரண்டு பக்கமும் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. டிபன் டப்பாவை வகுப்பறைக்கே எடுத்துப் போகத் தொடங்கினாள். தயிர்சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு, யாரோ எழுதிவிட்டுப் போன பலகையைத் துடைத்துவிட்டு, இரண்டு மணிக்குப் பிள்ளைகள் வரும்வரை ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள்.