கதவுக்கு வெளியே மூன்று இருமல்

இரவு 11.52. அப்பா மணி கேட்டார், நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னேன். அதற்குப் பிறகு நடந்ததை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். நான் அங்கே இருந்தேன்.

1998. தென்கொரியாவின் வட எல்லையை ஒட்டிய சோக்சோவில் எங்கள் வீடு. கட்டாய ராணுவ சேவையில், எல்லைக் காவலில் இருந்த நான் மூன்று நாள் விடுப்பில் வந்திருந்தேன். அன்று தாத்தாவுக்குப் படையல்.

தாத்தா வடக்கில் நின்றுவிட்டவர். போர்க் காலத்தில், பதினான்கு வயது அப்பாவைக் கப்பலில் ஏற்றிவிட்டு, அத்தையை அழைத்து வரப் போனார். கப்பல் கிளம்பிவிட்டது. பிறகு எல்லையை அடைத்துவிட்டார்கள். இறந்த நாள் தெரியாதவர்களுக்கு ஒன்பதாம் பிறை மாதத்தின் ஒன்பதாம் நாளில் படைப்பது வழக்கம். அப்பா 1969இலிருந்து படைக்கிறார்.

"அங்கேர்ந்து நடந்தே வரணும். வழி தெரியுதோ என்னவோ," என்பார் ஒவ்வொரு வருடமும். ஒருமுறையாவது அவர் வந்தார் என்று தெரிந்துவிட்டால் போதும் அப்பாவுக்கு.

நான் மீன் தட்டை வைத்தேன்.

"தலை கிழக்கே இருக்கணும்," என்றாள் அம்மா. "துப்பாக்கி தூக்கத் தெரியுது, ஒரு மீனை வைக்கத் தெரியல."

வாசல் கதவைத் திறந்து வைத்தோம். தாத்தாவின் பெயர் எழுதிய தாளை நிறுத்தி, சோற்றில் கரண்டியைச் செங்குத்தாகக் குத்தினார் அப்பா. அறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றோம். வந்தவர் தனியாகச் சாப்பிட வேண்டும். பிறகு வீட்டு மூத்தவர் மூன்று முறை இருமிவிட்டு உள்ளே போவார்.

12.09. அப்பா இருமினார். மூன்று முறை.

கதவில் கை வைத்தார்.

உள்ளே யாரோ இருமினார்கள்.

ஒன்று... இரண்டு... மூன்று.

காவல் பழக்கம். என் வாய் தானாகக் கத்தியது.

"நில்! யாரது?"

அப்பா என் தோளில் ஓங்கி அடித்தார். "சொந்தத் தாத்தாவப் பாத்து யாருன்னு கேப்பியாடா?" அவர் கண் நிறைந்திருந்தது. கதவருகே குனிந்தார். "மெதுவா சாப்பிடுங்கப்பா. அவசரமில்ல."

பித்தளைக் கிண்ணத்தில் கரண்டி உரசியது.

டிங்... டிங்...

பிறகு வழிக்கும் சத்தம்.

அம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

12.31. சத்தம் நின்றது.

திறந்தோம்.

யாருமில்லை. ஜன்னல் உள்ளே தாழிட்டபடி இருந்தது. கிண்ணத்தில் ஒரு பருக்கை இல்லை. மீனில் முள் மட்டும்.

தாத்தாவின் பெயர்த் தாள் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

"காத்துல திரும்பியிருக்கும்," என்று அப்பா நேராக வைத்தார். அன்று விடியும்வரை சிரித்துக்கொண்டே இருந்தார்.

2000, அக்டோபர் 5. நான் சேவை முடித்து வீட்டில் இருந்தேன். பிரிந்த குடும்பங்களைத் தேடித் தரச் சொல்லி அப்பா கொடுத்திருந்த மனுவுக்குப் பதில் வந்தது. அத்தையின் பெயரைத்தான் தேடச் சொல்லியிருந்தார். உறையில் ஒரு புகைப்படம். அத்தைக்குப் பக்கத்தில் நாற்காலியில் ஒரு கிழவர்.

தாத்தா. வயது எண்பத்தாறு. நலம்.

அப்பா அழவில்லை. படத்தைத் தரையில் வைத்துவிட்டு, படையல் அறையின் மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள்தான் ஒன்பதாம் பிறை மாதத்தின் ஒன்பதாம் நாள், படையல். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை தண்ணீரிலேயே நின்றுவிட்டது.

"என்னங்க... முப்பத்தோரு வருஷமா சாப்பிட்டுப் பழகினது, நாளைக்கும் வருமே. வாசக் கதவைத் திறந்து வைக்கவா, வேணாமா?"