ஆர் வரேல்லை?

எண்பதுகளின் நடுவில், ரொறன்ரோவில் ஒரு நண்பர் வீட்டில் எங்கள் ஊர்ப் பெண் ஒருவரைச் சந்தித்தேன். சூடானின் அகதி முகாம்களில் உதவி நிறுவனங்களை ஒருங்கிணைப்பவர், விடுமுறையில் வந்திருந்தார். வெயிலில் கறுத்து மெலிந்த முகம். என் அகதி விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தார்.

"எத்தனை பேர் வந்தனீங்கள், அண்ணை?"

"என்ரை வயித்தையும் சேர்த்தால் ரெண்டு பேர், தங்கச்சி."

சிரித்தார். "ஆர் வரேல்லை?"

விண்ணப்பத்தில் அந்தக் கேள்வி இல்லையே என்றேன்.

"அங்கை கட்டாயம் கேட்பம். ஒரு முகாமிலை தாய் தேடுற பிள்ளை இன்னொரு முகாமிலை இருக்கும்."

எனக்கு எதற்கும் பகிடி வரும். அன்று வரவில்லை. "தம்பி. கலவரத்திலை பிரிஞ்சவன்" என்றேன்.

தன் கொப்பியில் அவன் பெயரைப் பென்சிலால் எழுதினார்.

"ஏன் பென்சில்?"

"ஆள் கிடைச்சால் அழிக்கவேணுமெல்லோ."

பக்கத்தில் கிடந்த அவருடைய அழிறப்பரைப் பார்த்தேன். தேய்ந்து புளியங்கொட்டை அளவாகியிருந்தது.