இரண்டு ஊரும் ஒரே உறையும்

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது மன்னாரிலிருந்து முஸ்லிம்களான எங்களை வெளியேற்றினார்கள். புத்தளத்து முகாமுக்கு வந்தபின் பள்ளிக்கூடம் எனக்குப் பிடிபடவில்லை. உப்பளம், எத்தாளையில் மீன்வாடி, தலவில திருவிழாவில் கடலை வியாபாரம் என்று ஓரிடத்தில் நிற்காமல் அலைந்தேன். ஆனாலும் எங்கள் வீட்டில் எந்தப் படிவம் வந்தாலும் நிரப்புவது நான்தான். முகாமில் பழகிய கை.

தங்கச்சியின் மகளுக்குச் சிலாபத்துக்கு அப்பால் ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. விடுதிப் படிவத்தில் நிரந்தர முகவரி கேட்டிருந்தார்கள். மன்னார்க் கிராமத்தை எழுதினேன். மாணவர் உதவிப் பிரிவின் படிவத்தில் முகவரி என்று மட்டும் இருந்தது. புத்தளத்தில் நாங்கள் இப்போது இருக்கும் தில்லையடி வீட்டை எழுதி, கிராம சேவகரின் வதிவிடச் சான்றிதழையும் அதோடு வைத்தேன். எங்கள் ஆட்களில் பலர் அப்படித்தான் எழுதுவார்கள்.

விடுதிப் பிரிவு மன்னார்ச் சான்றிதழ் கேட்டது. அங்கே குடியில்லாதவளுக்கு அதை யார் கொடுப்பார்கள்? உதவிப் பிரிவு வேறு கட்டடம். சான்றிதழ் தங்களிடம் பத்திரமாக இருக்கிறது, விடுதி தங்கள் வேலையல்ல என்றார்கள். விடுதி இல்லாமல் பிள்ளை தினமும் சுபஹுத் தொழுகைக்கு முன்பே எழும்பி பஸ் பிடித்தாள். மூன்று மாதத்தில் கன்னம் ஒட்டிவிட்டது.

"இந்தக் கிழமையோட விடுதிப் பட்டியல மூடுறாங்க மாமா. கிடைக்காட்டி நான் படிப்ப விட்டுர்றன்."

"விட்டுட்டு? உன்ட மாமா மாதிரி ஊர் சுத்தவா?" என்றாள் தங்கச்சி. படிவத்தைக் கெடுத்தவனும் நான்தான்.

அதே கிழமை லொறியொன்றில் கூலி வேலை வந்தது, அந்தப் பல்கலைக்கழகத்துக்கே. விடுதி, உதவி, மாற்றுத்திறனாளி மாணவர் என்று மூன்று கட்டடங்களில் கிடந்த பிரிவுகளைக் கீழ்த்தளத்தில் ஒரே மண்டபத்துக்குக் கொண்டுவருகிறார்களாம். அலுமாரிகளையும் கதிரைகளையும் நாங்கள் சுமக்க வேண்டும்.

மண்டபத்தில் எழுதுவினைஞர் ஒருவர், நடுத்தர வயதுப் பெண், தரையில் உட்கார்ந்து, மூன்று இடத்துக் கோவைகளையும் பதிவிலக்கப்படி சேர்த்து, ஒரு மாணவருக்கு ஓர் உறை என்று போட்டுக்கொண்டிருந்தார். விவரம் ஒத்துவராதவற்றை ஒதுக்கி வைத்தார். அவற்றுக்குக் கடிதம் போட்டு விசாரிப்பார்களாம். அலுமாரியை இறக்கும்போது ஒதுக்கிய குவியலின் மேலே இரண்டு படிவங்களைக் கண்டேன். வலப்பக்கம் சாயும் அந்த எழுத்து என்னுடையது. அப்படியே நின்றுவிட்டேன்.

"என்ன நானா, தூக்க வந்தீங்களா, படிக்க வந்தீங்களா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டார்.

"அது ரெண்டும் ஒரே புள்ளட மிஸ். என்ட மருமகள். நான்தான் எழுதின."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "இலக்கம் ஒண்டு, ஊர் ரெண்டு. எது உங்கட ஊர்?"

"ரெண்டும்தான்."

"எழுதுறதுக்குக் கோடு ஒண்டுதானே இருக்கு."

"அதுதான் மிஸ், இதுல ஒண்டையும் அதுல மத்ததையும் எழுதின."

சிரித்துவிட்டார். சான்றிதழைத் தேடி எடுத்து வாசித்தார். "புள்ளைக்குப் போன் எடுங்க. வந்து திருத்தி ஒப்பம் வைக்கட்டும்."

விரிவுரை முடிந்து அவள் ஓடி வந்தாள். மன்னாரை வெட்டித் தில்லையடியை எழுதி ஒப்பம் வைத்தாள். நாங்கள் சற்றுமுன் இறக்கிய மேசையிலேயே பொறுப்பதிகாரி இருந்தார். எழுதுவினைஞர் நாலு எட்டு நடந்து அவரிடம் நீட்டினார், அவரும் ஒப்பமிட்டார். மூன்று மாதமாக நகராத காரியம், எங்கள் பிளேன்டீ ஆறுவதற்குள் முடிந்தது. அதன்பின் தூக்கிய அலுமாரிகள் எதுவும் பாரமாகத் தெரியவில்லை.

பட்டியலில் அவள் பெயர் வந்தது. அடுத்த கிழமை அவளுடைய பெட்டியை நானே விடுதி வாசலில் இறக்கினேன். அங்கேயும் ஒரு படிவம் கொடுத்தார்கள். பழக்கத்தில் பேனைக்குக் கை நீட்டினேன்.

"நீங்க பெட்டியப் பாருங்க மாமா," என்று அவளே நிரப்பத் தொடங்கினாள்.