ஈரக் கை

குருவிட்ட ஊர்ப் பக்கம், மாணிக்கம் தோண்டிக் கைவிட்ட, தண்ணீர் நிறைந்த குழியில் நான் வளர்த்த திலாப்பியா மீன்கள் விடிந்தபோது செத்து மிதந்தன. எங்கள் சீவனமே அதுதான். பதற்றத்தில் அவற்றைவிட அதிகமாக வாயைப் பிளந்து நின்றேன்.

மீன் நோயை ஆராய வந்த அதிகாரி ஒல்லி. கண்ணாடி மூக்கு நுனியில் நின்றது. ஒவ்வொரு மீனையும் தொடுமுன் கையை நனைத்தார்.

“எதுக்குங்க சேர்?”

“காஞ்ச கை பட்டா மீன் தோலு கெட்டுரும், அண்ணே.”

“செத்ததுக்குமா? இனி அது கல்யாணத்துக்கா போகப்போகுது?”

அவர் சிரிக்கவில்லை. “ஒண்ணாவது உசிரோட இருந்துட்டா?”

மாலைவரை தேடினார். உயிரோடு ஒன்றும் இல்லை. கடைசி மீனுக்கும் கையை நனைத்தார்.

போகும்போது என் தோளில் கை வைத்தார். அதுவும் ஈரமாக இருந்தது. எனக்கு இன்னும் உயிர் இருக்கலாம் என்று நினைத்தாரோ என்னவோ.