என் மனைவி போட்ட ஓட்டும் நான் வாசித்த அதிகாரமும்

அறுபத்தேழாம் வருஷத்துப் பொதுத்தேர்தல் முடிவு வந்த அன்றைக்கு நான் கடவுளோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். அதனால் என் வீட்டில் ஓர் உயிர் போகப் பார்த்தது. இதைச் சபையில் எழுந்து நின்று சொல்ல இரண்டு தரம் முயன்றேன், பாதியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆகையால் எழுதுகிறேன். உபதேசியார் எழுதிக் கொடுத்ததென்று யாரும் நினைக்க வேண்டாம். ஒவ்வோர் எழுத்தும் நானே எழுதியது. ஒன்பது நாள் பிடித்தது.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பாலக்கரையில் கல் பட்டறை வைத்திருக்கிறேன். வாசற்படி, ஆட்டுக்கல், அஸ்திவாரக் கல், கல்லறைக் கல் எல்லாம் செய்வோம். பதினோரு வயதில் மணப்பாறைப் பக்கத்திலிருந்து இடுப்புத் துணியோடு நடந்து வந்தவன் நான். தலையில் கல் சுமந்தேன். இன்றைக்கு ஒன்பது ஆட்கள் என்னிடம் வேலை செய்கிறார்கள், சொந்த லாரி நிற்கிறது. திருச்சிராப்பள்ளியில் நான் வெட்டிய எழுத்தைப் பார்க்காமல் நீங்கள் ஒரு கல்லறைத் தோட்டத்துக்குள் போய்வர முடியாது. பெருமைக்குச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

இவ்வளவு எழுத்து வெட்டியவனுக்கு வாசிக்க வராது என்பதுதான் நான் மறைத்து வைத்திருந்த விஷயம். பள்ளிக்கூடத்துக்கு எட்டு மாதம் போயிருப்பேன். பட்டறையில் வெட்ட வேண்டிய எழுத்தை ஒரு வாத்தியார் காவியால் கல்லின் மேல் எழுதிக் கொடுப்பார். அந்தக் கோட்டில் உளியை ஓட்டுவேன். ஒரு வரியைச் சேர்த்து வாசிக்கச் சொன்னால் வியர்க்கும். ஆராதனையில் வேதபாடம் வாசிக்க அழைத்தால் கண்ணாடியை மறந்துவிட்டேன் என்பேன். வீட்டில் சாயங்காலக் குடும்ப ஜெபத்தில் என் மனைவி பாக்கியம் வேதம் வாசிப்பாள். அவள் மிஷன் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவள். அவள் வாசித்து முடித்ததும் நான் ஜெபம் செய்வேன். என் ஜெபம் நாலு வீட்டுக்குக் கேட்கும்.

சுதந்திரம் வந்த நாள் முதல் நான் ஆளுங்கட்சிக்காரன். மூன்று பொதுத்தேர்தலில் வீடு வீடாக ஓட்டுக் கேட்டவன். நாலாவது தேர்தலில் காற்று மாறி அடித்தது. அரிசிப் பஞ்சம். ஜனங்கள் கொதித்துப்போயிருந்தார்கள். எதிர்க்கட்சியில் சிலர் சாமி இல்லை என்று மேடையில் பேசியவர்கள். அவர்கள் வந்தால் கோயிலைப் பூட்டுவார்கள், பள்ளிக்கூடங்களைப் பிடுங்குவார்கள் என்று நான் நம்பினேன். நம்பினது மட்டுமல்ல, ஊரெல்லாம் சொன்னேன். மூன்று நாள் உபவாசம் இருந்தேன். ஜெபக்கூட்டத்தில் எழுந்து, "ஆண்டவர் எனக்குக் காட்டிவிட்டார், வெற்றி நமக்குத்தான்" என்று சாட்சி சொன்னேன். அவர் ஒன்றும் காட்டவில்லை. என் ஆசையை அவர் பேரில் சொன்னேன்.

அதோடு விட்டேனா? ஓட்டுப் போடுவதற்கு முன்பே ஒரு கல் வெட்டினேன். மூன்றடி உயரம், நல்ல கருங்கல். 'வெற்றி தந்த தேவனுக்கு ஸ்தோத்திரம்' என்று எழுதி, கீழே வருஷமும் போட்டேன். கோயில் மதில் ஓரத்தில் நடுவதாக இருந்தேன்.

போதகர் ஐயா வந்து பார்த்தார். "மேஸ்திரி, கொஞ்சம் பொறுத்து வெட்டியிருக்கலாமே?"

"விசுவாசம் பொறுக்காதுங்க ஐயா" என்றேன்.

முடிவு வந்தது. டீக்கடை ரேடியோவில் ஒவ்வொரு பேராகத் தோற்றுக்கொண்டே வந்தார்கள். தோற்க முடியாதவர்கள் என்று நான் நினைத்தவர்களெல்லாம் தோற்றார்கள். தெருவில் வெடி. என் பட்டறைக்கு எதிரே தையல் கடை வைத்திருந்த ரெங்கசாமி ஸ்ரீரங்கத்துக்காரன். பேர்தான் ரெங்கசாமி, கோபுரத்தைப் பார்த்துக் கைகூட எடுக்காதவன், எதிர்க்கட்சியில் தீவிரமானவன். ஒரு கூட்டத்தோடு வந்து என் வாசலில் நின்றான்.

"மேஸ்திரி அண்ணே! அந்தக் கல்லுல கட்சி பேரு இருக்கா, சாமி பேரு மட்டுந்தானா? சாமி பேரு மட்டும்னா எங்ககிட்ட குடுத்துடுங்க. வெற்றி எங்களுதுதானே!"

தெருவே சிரித்தது. என் ஆட்களும் சிரித்தார்கள்.

நான் சம்மட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய் அந்தக் கல்லை அடித்தேன். பாக்கியம் ஓடி வந்து கையைப் பிடித்தாள்.

"வேணாங்க. தேவன்னு எழுதியிருக்குங்க அதுல."

"அந்தத் தேவன் எங்க போனாரு? ஏன் அழிச்சாரு நம்மள?"

"நம்மள யாரும் அழிக்கலீங்க. ஜனங்க ஓட்டுப் போட்டாங்க."

அவள் சொன்ன விதம் எனக்கு உறைத்தது. "நீ யாருக்குப் போட்ட?" என்று கேட்டேன். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் இப்படிக் கேட்க வேண்டிய அவசியமே வந்ததில்லை. நான் காட்டிய சின்னத்தில் போடுவாள் என்றே இருந்துவிட்டேன்.

அவள் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"அவங்களுக்குத்தாங்க போட்டேன். ரேஷன் கடை வரிசையில விடியக்காலம் போயி நின்னது நான். ஆத்துக்கு அந்தாண்ட மண்ணச்சநல்லூர்ல மில்லு மில்லா ஓடுது, இந்தாண்ட நான் ஒரு படி அரிசிக்குப் பையைத் தூக்கிட்டு நிக்கிறேன். உங்க தட்டுல சோறு விழுந்துச்சு. அது எப்படி வந்துச்சுன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?"

நான் அவளை அடிக்கவில்லை. அதைவிட மோசமான காரியம் செய்தேன். "சாமி இல்லேன்னவனுக்கு ஓட்டுப் போட்டவ இனிமே என் வீட்டுல வேதம் வாசிக்கக் கூடாது. ஜெபத்துல நீ உக்காராத" என்றேன்.

அன்று முதல் பேச்சில்லை. எங்கள் பிள்ளைகள் இருவரும் கல்யாணமாகி வெளியூரில் இருந்தார்கள்; நடுவில் நின்று பேச ஆளில்லை. சாயங்காலம் நான் மட்டும் பாயில் உட்கார்ந்து வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, மனப்பாடமாக இருந்ததைச் சொல்லுவேன். பக்கம் தலைகீழாக இருந்தாலும் எனக்குத் தெரியாது. அவள் அடுப்படி வாசல் நிலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து உதட்டை அசைத்துக்கொண்டிருப்பாள். வாய்தான் ஜெபம் சொல்லியது. உள்ளே நான் ஆண்டவரோடும் பேசவில்லை. இனி இந்தத் தேசத்தில் என்ன இருக்கிறது, நமக்கு யார் இருக்கிறார்கள் என்றே மனம் அரித்தது. ஈஸ்டருக்கு முந்தின லெந்து உபவாச நாட்கள் நடந்துகொண்டிருந்தன. கோயிலுக்குப் போக வெட்கம். பொய்த் தீர்க்கதரிசனம் சொன்னவன் எந்த முகத்தோடு போவது?

ஒரு காலையில் கருவி மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தேன். ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் ஒரு வீட்டுக்கு வாசற்படி பதிக்க வேண்டிய வேலை. பாக்கியம் காபியை வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"ஏங்க, இன்னைக்கு மட்டும் போகாம இருக்கீங்களா?"

எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் பேசிய முதல் பேச்சு அது. என் காதில் நன்றாக விழுந்தது. விழாதவன் போலக் காபியைக் குடித்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டேன்.

மத்தியானம் அந்த வீட்டு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. அதன் முன்பக்கத்தில், தேர்தலில் ஜெயித்த கட்சியின் கொடி பறந்தது. ரெங்கசாமி இறங்கினான்.

"அண்ணே, ஏறுங்க."

"எதுக்கு? ஊர்வலத்துக்கா?"

"அண்ணி பட்டறை வாசல்ல மயங்கி விழுந்துட்டாங்க. புத்தூர் ஆஸ்பத்திரில சேத்துட்டு வரேன். உடம்பு அனலாக் கொதிக்குதுண்ணே. ஏறுங்க!"

சகோதரரே, இப்போது எழுதுவதுதான் என் வாழ்நாளில் எழுதக் கடினமானது. அந்தக் கொடியைப் பார்த்து ஒரு மூச்சு நேரம் நான் தயங்கினேன். ஒரே ஒரு மூச்சு. பிறகுதான் ஏறினேன். காவிரிப் பாலத்தில் போகும்போது ஆற்றில் மணல்தான் தெரிந்தது. ரெங்கசாமி ஒரு வார்த்தை கேலி பேசவில்லை. பேசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

டாக்டர் என்னை நிறுத்திக் கேட்டார்: "எத்தனை நாளா ஜுரம்?"

"தெரியலீங்க."

"நீங்க வீட்டுக்காரர்தானே?"

"ஆமாங்க."

"ஒரே வீட்டுலதான இருக்கீங்க? பதினேழு நாளா ஜுரம்னு அந்தம்மா சொல்றாங்க."

டைபாய்டு. முற்றிக் குடலில் ஓட்டை விழுந்துவிட்டது. வயிற்றைத் திறந்து தைத்தார்கள். "எங்களால ஆனதைச் செஞ்சுட்டோம். பொழைக்கிறது கஷ்டம். சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்க" என்றார் டாக்டர். பிள்ளைகளுக்குத் தந்தி கொடுத்தோம். பாக்கியம் கண் திறக்கவில்லை.

அவள் படுத்திருந்த கட்டிலின் ஓரம் நின்று ஜெபம் பண்ணப் பார்த்தேன். நாலு வீட்டுக்குக் கேட்கும் என் ஜெபத்தில் ஒரு வார்த்தை வரவில்லை. கடைசியில், "ஆண்டவரே, இவளை எனக்குத் திருப்பிக் குடுங்க. இனிமே உங்க பேருல நான் எதையும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் முணுமுணுத்தேன்.

மறுநாள் ரெங்கசாமி மாற்றுப் புடவையும் வேதப்புத்தகமும் கொண்டுவந்தான்.

"கார்ல வரும்போது அண்ணி இதைத்தான் கேட்டாங்க. வாசிச்சுக் காட்டுங்கண்ணே."

"கண்ணாடி இல்லப்பா."

"சட்டைப் பையில இருக்கே."

அவன் எனக்குத் தெரிந்த நாளெல்லாம் என்னை எதிர்த்தவன். அவன் முன்னால், இருபது கட்டில் போட்ட வார்டில், அறுபது வயதில் நான் எழுத்துக் கூட்டி வாசிக்க ஆரம்பித்தேன். ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம். கல்லில் ஒவ்வோர் எழுத்தாக வெட்டுகிற மாதிரி. யாரோ சிரித்தார்கள். ரெங்கசாமி அந்தப் பக்கம் திரும்பி, "நீ வாசிக்கிறியா? வந்து வாசி!" என்று ஒரு அதட்டுப் போட்டான். அப்புறம் என்னிடம், "எனக்கு இதுல நம்பிக்கை இல்லண்ணே. நீங்க வாசிங்க. நான் இருக்கேன்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

பக்கத்துக் கட்டிலில் மண்ணச்சநல்லூர் அரிசி மில் களத்தில் நெல் காயவைக்கிற பெண் ஒருத்தி, அதே காய்ச்சலோடு கிடந்தாள். அவள் புருஷன் சமயபுரத்துக் குங்குமத்தை அவள் நெற்றியில் வைத்து அழுதுகொண்டிருந்தான். மூன்றாம் நாள் அவள் இறந்துபோனாள். என் ஜெபம் அவன் ஜெபத்தைவிடப் பெரியது என்று நான் சொல்ல மாட்டேன். ஏன் அவள் போனாள், ஏன் என் மனைவி இருந்தாள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவன் போல இனி பேசவும் மாட்டேன்.

ஐந்தாம் நாள், குருத்தோலை ஞாயிறு. வாசித்துக்கொண்டே வந்த அதிகாரத்தில் வரிசையாக வாயில் நுழையாத பேர்கள் வந்தன. யாருக்குத் தெரியப் போகிறது என்று அந்த வசனத்தைத் தாண்டி அடுத்ததுக்குப் போய்விட்டேன்.

"ஒண்ண விட்டுட்டீங்க."

காற்று மாதிரி ஒரு குரல். நான் ரெங்கசாமியைப் பார்த்தேன். அவன் கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாக்கியத்தின் கண் பாதி திறந்திருந்தது.

"அந்த வசனத்த விட்டுட்டீங்க. திரும்ப வாசிங்க."

நான் வாசிக்கவில்லை. புத்தகத்தின் மேல் முகத்தை வைத்து அழுதேன். ரெங்கசாமி நர்ஸைக் கூப்பிட ஓடினான். அவன் செருப்பு ஒன்று கட்டிலடியிலேயே கிடந்தது.

என் ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டார். தேர்தலுக்காக நான் ஊரறியக் கத்தியதைக் கேட்கவில்லை. முணுமுணுத்ததைக் கேட்டார். அதற்காகச் சாகும்வரை அவருக்கு நன்றி சொல்வேன்.

ஈஸ்டர் கழிந்து பாக்கியத்தை வீட்டுக்குக் கூட்டி வந்தோம். தலைமுடியெல்லாம் கொட்டிவிட்டது. இடது காது போனது போனதுதான். ஒரு குடம் தண்ணீர் தூக்க இன்றைக்கும் முடியாது. இதையும் சேர்த்துத்தான் சாட்சி சொல்ல வேண்டும்.

கோயிலை யாரும் பூட்டவில்லை. மணி அடிக்கிறது, பள்ளிக்கூடம் நடக்கிறது. ரேஷன் வரிசையும் மறுநாளே ஒழிந்துவிடவில்லை, ரெங்கசாமியே ஒத்துக்கொண்டான். நான் இன்றைக்கும் என் கட்சிதான். அடுத்த தேர்தலிலும் வெயிலில் அலைந்து ஓட்டுக் கேட்பேன். ஆனால் கடவுளை என் பூத் ஏஜெண்டாக உட்கார வைக்க மாட்டேன். ராஜ்யங்கள் வரும், போகும். நம் நம்பிக்கை அவற்றில் இல்லை. இது எனக்கு அறுபது வயதில் புரிந்தது. உங்களுக்குச் சீக்கிரம் புரியட்டும்.

வீடு வந்த முதல் சாயங்காலம் பாயை விரித்தேன். பாக்கியம் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து, பழையபடி அடுப்படி நிலைக்கு அந்தப் பக்கமே போய் உட்கார்ந்தாள்.

"இங்க வாயேன்" என்றேன்.

"வராதன்னு சொன்னது நீங்கதானே. சும்மா வான்னா எப்படி?"

நியாயந்தானே. நான் எழுந்து போய் அவள் முன்னால் உட்கார்ந்தேன். "தப்பு என்னுதுதான் பாக்கியம்" என்றேன். முப்பத்திரண்டு வருஷத்தில் நான் அவளிடம் சொல்லாத வார்த்தை. அவள் கையை நீட்டினாள். தூக்கிவிட்டேன்.

அன்பானவர்களே, தேர்தல்கள் இன்னும் வரும். நமக்குப் பிடிக்காத முடிவும் வரும். அன்றைக்கு நீங்கள் இடிந்துபோய் உட்கார்ந்திருப்பீர்கள். உட்காருங்கள், குற்றமில்லை. ஆனால் உங்களுக்கு எதிராக ஓட்டுப் போட்ட ஒருவர் உங்கள் வீட்டிலேயே, நிலைக்கு அந்தப் பக்கம் இருப்பார். எழுந்து போய் அவரைக் கூப்பிடுங்கள். நெற்றியில் கை வைத்து, உடம்பு சுடுகிறதா என்று தொட்டுப் பாருங்கள்.