டேப்பின் மறுமுனை

பழைய வீட்டை அளக்க இரண்டு பேர் வேண்டும். லேசர் மீட்டர்தான் வந்துவிட்டதே என்று கேட்பவர்கள் நேரான சுவர்களை மட்டுமே பார்த்தவர்கள். பழைய சுவர் ஓரிடத்தில் வயிறு தள்ளி நிற்கும், ஓரிடத்தில் உள்வாங்கியிருக்கும். மூலைக்கு மூலை டேப் பிடித்துக் குறுக்களவு எடுத்தால்தான் அறையின் உண்மையான வடிவம் தெரியும். ஒருவர் டேப்பின் நுனியைப் பிடிப்பார், மற்றவர் அளவைப் படிப்பார். நுனியைப் பிடித்தவர் அதைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் குறித்துக்கொள்வோம். தப்பு வராமலிருக்க, பழைய கட்டடங்களை அளந்து வரைபடம் போடும் எங்கள் தொழிலில் அப்படியொரு பழக்கம்.

என்னிடம் வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருவராகக் கண்ணாடி டவர் கட்டப் போய்விட்டார்கள். இந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை பழைய பங்களா முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டிய மட்டும் ஆள் கிடைக்கும். திங்கட்கிழமை டேப் பிடிக்க ஈ காக்கா வராது.

அதனால் ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பழைய வீட்டை அளக்கத் தனியாகத்தான் போனேன். ஜன்னல்களுக்கு மேல் தொப்பி மாதிரி கூரான மரமறைப்பு வைத்த ஓட்டு வீடு, பின்னால் ஒரு பட்டர் ஃப்ரூட் மரம். ரிட்டயரான பள்ளி ஆசிரியை ஒருவர் அங்கே தனியாக இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளாதவர். வெளிநாட்டிலிருந்த தம்பிகள் வீட்டை பில்டரிடம் கொடுக்கத் துடித்தார்கள். பாதுகாக்க வேண்டிய கட்டடம் என்று பதிவாகிவிட்டால் சுலபத்தில் இடிக்க முடியாது, கடைசிவரை அங்கேயே இருந்துவிடலாம் என்று அவர் நம்பினார். அதற்குத்தான் என் வரைபடங்கள்.

டேப்பின் நுனியை ஆணியில் மாட்டிவிட்டு நான் படும் பாட்டை வாசற்படியில் நின்று பார்த்தார்.

"குடும்மா இங்க. சும்மாதானே நிக்கிறேன்."

"தூசி ஆன்ட்டி. குனிஞ்சு நிமிரணும்."

"கிளாஸ் நிறைய பிள்ளைங்களை மேய்ச்சவ நான். குடு."

நான் சொன்ன அளவையெல்லாம் வகுப்பறைக் குரலில் திருப்பிச் சொன்னார். நான் முணுமுணுத்தால் "சத்தமா சொல்லு" என்று அதட்டினார். சீக்கிரம் முடிய வேண்டிய வேலையை வேண்டுமென்றே இழுத்தேன். சமையலறையை மறுபடியும் அளந்தேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. என் வாடகை ஃப்ளாட்டில் நான் வாய்திறந்து பேசினால் திருப்பிச் சொல்ல ஆளில்லை. அந்த வீட்டைவிட்டு வர எனக்கு மனமில்லை, அவ்வளவுதான்.

தெருக்காரர்கள் கூட்டம் போட்டு, ஆதரவு தெரிவித்து, பிளம் கேக் சாப்பிட்டுக் கலைந்தார்கள். பதிவு கேட்கும் மனுவில் பங்காளிகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள் அதிகாரிகள். தம்பிகள் போடவில்லை. கடைசியில் ஆன்ட்டிதான் விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்.

"கூடப் பொறந்ததுங்க. எவ்வளவுதான் சண்டை போடறது? போதும் போதும்னு ஆயிடுச்சும்மா."

எனக்கு வந்த கோபம் தம்பிகள் மேலா, அவர் மேலா என்று தெரியவில்லை. இடித்த அன்று அந்தப் பக்கமே போகவில்லை. அந்த வீடு இப்போது என் கம்ப்யூட்டரில் மில்லிமீட்டர் சுத்தமாக இருக்கிறது. யாருக்கு வேண்டும்?

சில மாதம் கழித்து போன் செய்தார். ஹெண்ணூர் பக்கம் ஒரு ஃப்ளாட்டில் இருக்கிறாராம்.

"பீரோ வைக்கணும்மா. இடம் பத்துமான்னு தெரியல. வந்து கொஞ்சம் அளந்து குடேன்."

போனேன். மேல்மாடி. ஹாலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஜன்னலுக்கு வெளியே இன்னொரு கட்டடத்தின் ஜன்னல்கள். சுவரெல்லாம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேர். லேசரில் ஒரு பட்டனை அமுக்கினால் முடிந்தது. அதைப் பையிலேயே விட்டுவிட்டு டேப்பை எடுத்தேன். நான் சொல்வதற்கு முன்பே நுனியை வாங்கிக்கொண்டு, முழங்காலைப் பிடித்தபடி மூலையில் குனிந்தார்.

"வச்சாச்சு."

அளவைச் சொன்னேன். திருப்பிச் சொன்னார். குறித்துக்கொண்டேன்.

"பீரோவையும் அளந்துடலாம் ஆன்ட்டி. எங்க இருக்கு?"

"அதை வீட்டோடயே குடுத்துட்டேம்மா" என்றார், டேப்பை விடாமல்.

ஏன் என்று நானும் கேட்கவில்லை. அடுத்த சுவருக்கு நகர்ந்து, அளவை முணுமுணுப்பாகப் படித்தேன்.

"சத்தமா சொல்லு" என்றார்.