கன்ட்ரோல் பாத்தியும் கைராசியும்

முனைவர் பட்டத்துக்காக ஐந்து வருடம் நான் ஒரு பாக்டீரியாவுக்குத் தீனி போட்டு, அது கழித்து வெளியே விடும் தண்ணீரை வடிகட்டிப் பத்திரப்படுத்தினேன். அந்தத் தண்ணீருக்கு எங்கள் துறையில் வளர்சிதைப் பொருள் என்று மரியாதையான பெயர் உண்டு. சின்ன வெங்காயத்தை அழுகவைக்கும் பூஞ்சணத்துக்குப் பக்கத்தில், கண்ணாடித் தட்டில் அதை ஒரு சொட்டு வைத்தால் போதும், பூஞ்சணம் அந்தத் திசைக்கே வராது. இதை வைத்து நாட்டின் விவசாயத்தையே மாற்றிவிடலாம் என்று திண்டுக்கல்லில் ஏசி அறையில் உட்கார்ந்து நாங்கள் பலமுறை முடிவெடுத்திருக்கிறோம். எங்களில் ஒருவரும் வெங்காயம் நட்டதில்லை.

வயலில் காட்டினால்தான் பட்டம் என்றது ஆய்வுக் குழு. எரியோடு பக்கத்தில் ஓர் அக்காவின் வயலில் முந்தின வருடம் பாதி வெங்காயம் அழுகிப்போயிருந்தது. எட்டுப் பாத்திகளை எனக்கு விட்டுக்கொடுத்தார். அந்த ஊரில் அவர் கைராசிக்காரி. யார் வயலில் நடவு நடந்தாலும் முதல் விதை வெங்காயத்தை அவர்தான் ஊன்றவேண்டும். அவர் வரும்வரை ஆட்கள் வரப்பில் காத்து நிற்பார்கள். இந்தக் காலத்திலும் இப்படியா என்று பேராசிரியரிடம் சொல்லிச் சிரித்தேன். அவரும் தன் ராசிக்கல் மோதிரத்தைத் திருகிக்கொண்டே சிரித்தார்.

முதல் நாள் நான் கொண்டுபோன மருந்துக் கேனை அக்கா திறந்து பார்த்தார். "இதென்ன தம்பி, கருப்பட்டிக் காப்பி கணக்கா இருக்கு?"

கண்ணுக்குத் தெரியாத உயிர் ஒன்று வெளியேற்றும் பொருள் என்றேன்.

"அப்ப மூத்திரமா?"

நாற்பது ஸ்லைடில் நான் சொல்லத் திணறியதை ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

நான்கு பாத்திகளில் பச்சைக் கொடி, நான்கில் சிவப்புக் கொடி நட்டேன். பச்சைக்கு மருந்து உண்டு. சிவப்புக்குக் கிடையாது. அதுதான் கன்ட்ரோல், அது அழுகினால்தான் மருந்து வேலை செய்தது என்று நிரூபணமாகும் என்று கால் மணி நேரம் வகுப்பெடுத்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதுக மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார். விவரம் தெரியாத பெண் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஒவ்வொரு முறையும் மிச்ச மருந்துள்ள கேனை மோட்டார் ரூமில் வைத்துவிட்டு வருவேன். இவ்வளவு படித்தவனுக்கு அதைச் சுமந்துகொண்டு வரச் சோம்பல்.

அறுவடையில் எட்டுப் பாத்தியும் ஒன்றுபோல விளைந்திருந்தன. பக்கத்து வயலில் பாதிக்கு மேல் அழுகல். அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "நீங்க வச்சுட்டுப் போனத நாந்தேன் சிவப்புக்கும் ஊத்துனேன். பாத்தீகளா, அம்புட்டும் பொழச்சுக்கிருச்சு!"

மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. ஆனால் என் அட்டவணைப்படி, ஊற்றினாலும் ஊற்றாவிட்டாலும் வித்தியாசமில்லை. "இதை வைத்துக்கொண்டு பட்டம் கேட்டு வராதே" என்றார் பேராசிரியர். உதவித்தொகை முடிய ஒரே ஒரு பருவம்தான் பாக்கி.

வேறு யாரும் நிலம் தரவில்லை. மறுபடியும் அக்காவிடமே போனேன். சிவப்புப் பாத்தியைத் தொடுவதில்லை என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். அந்தச் சத்தியத்தை நம்பாமல் இருந்ததுதான் என் ஆராய்ச்சி முறை. பாக்டீரியாவே சேர்க்காமல், அதே நிறத்தில், ஏறக்குறைய அதே நாற்றத்தில் வெல்லப்பாகுத் தண்ணீர் கலக்கி, மிச்சம் என்று சொல்லி மோட்டார் ரூமில் வைத்தேன். ஒவ்வொரு வாரமும் கேன் காலியாகியிருந்தது. மகிழ்ச்சியோடு நிரப்பிவைத்தேன்.

சிவப்புப் பாத்திகள் அழுகின. அடடா, என்ன அழகாக அழுகின! இலை பழுத்து, இழுத்தால் வெங்காயத் தாள் கையோடு வந்தது. எல்லாக் கோணத்திலும் படம் எடுத்தேன். அக்கா பாத்திக்குள் குத்தவைத்து உட்கார்ந்து அழுகின வெங்காயத்தை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்.

"ஒங்ககிட்ட மறைச்சுட்டேன் தம்பி. இதுக்கும் நான் ஊத்துனேன். ஒங்க கை ஊத்துனது நிக்கிது. என் கை பட்டது மட்டும் செத்துப்போச்சே."

அவர் கையில் இருந்த தரவுகளை வைத்துப் பார்த்தால் அந்த முடிவில் ஒரு பிழையும் இல்லை. நான் அழுகின வெங்காயங்களை எண்ணிக் குறித்துக்கொண்டிருந்தேன். கன்ட்ரோலுக்கும் வெறும் கரைசலை ஊற்றியது மிக நேர்த்தியான திட்டமிடல் என்று வாய்மொழித் தேர்வில் என்னைப் பாராட்டினார்கள். தலை குனிந்து ஏற்றுக்கொண்டேன். பணிவு என்று நினைத்திருப்பார்கள்.

பட்டம் வாங்கிய பிறகு லட்டுப் பெட்டியோடு எரியோட்டுக்குப் போனேன். அன்று அக்காவின் வயலில் நடவு. விதை வெங்காயக் கூடை வரப்பில் இருக்க, ஆட்கள் சும்மா நின்றுகொண்டிருந்தார்கள். வேறு தெருவிலிருந்து ஒரு பெண் வந்து முதல் விதையை ஊன்றவேண்டுமாம். இப்போதெல்லாம் அக்காவை யாரும் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டாலும் அவர் போவதில்லை. தன் வயலிலேயே அவர் விதையைத் தொடுவதில்லை என்று நடவுக்கு வந்திருந்த ஒரு பெண் சொன்னார்.

அக்காவை ஓரமாக அழைத்துப்போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கேனில் இருந்தது வெறும் வெல்லப்பாகுத் தண்ணீர், உங்கள் கையில் ஒரு குறையும் இல்லை, ஏமாற்றியது நான். சொல்லும்போது வெட்கமாக இருந்தது.

பொறுமையாகக் கேட்டார். பிறகு சிரித்தார். "என் மனசு ஆறணும்னு எம்புட்டு அழகாப் பொய் சொல்றீக!"

சத்தியம் பண்ணினேன். அவரும் என் சத்தியத்தை நம்பவில்லை.

கூடைக்குப் போய் ஒரு விதை வெங்காயத்தை எடுத்தார். தன் விரல் அதிகம் பட்டுவிடாமல் முந்தானையில் பிடித்துக்கொண்டு வந்து என் உள்ளங்கையில் போட்டார்.

"அந்தப் புள்ள வார மாதிரித் தெரியல. நீங்களே மொத வெதைய ஊனுங்க தம்பி. ஒங்க கைதேன் ராசியான கை."

ஆட்கள் எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் குனிந்து ஊன்றினேன்.